கருவியும் உடைமையும்: இணையவழிக் கற்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

இணையவழிக் கற்பித்தலுக்கான கூட்டுப்பணிக் கருவிகளைப் பரீட்சித்துப் பார்ப்போர் பெரும்பாலும் இரு வினாக்களையே எழுப்புவர்: பயன்படுத்த எளிதா? இலவசமா? அவற்றினும் அடிப்படையான வினாவொன்று உண்டு: கருவி யாருடைய உடைமை?

2020இல் பெருந்தொற்றினால் வகுப்பறைகள் மூடப்பட்டபோது, கூகுளின் ஜாம்போட் ஆசிரியர் பலருக்குக் கரும்பலகையாயிற்று. மாணவர் பலர் ஒரே வேளையில் எழுதவும், பிறர் எழுதியவற்றை நகர்த்தி வகைப்படுத்தவும் அது இடமளித்தது. ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் ஒருவழிப் போக்கு அங்கே ஓரளவு தளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், 2024 டிசெம்பர் 31ஆம் திகதியுடன் கூகுள் அதனை நிறுத்தியது. பிற நிறுவனங்களின் கருவிகளுக்கு மாற்றப்படாத பலகைகள், கூடித் திருத்தவியலாத பீ.டி.எவ். கோப்புகளாயின.

ஈதர்பேட்டின் வரலாறு இதற்கு மாறானது. 2008இல் தோன்றிய இக்கூட்டெழுத்துக் கருவியை 2009இல் கூகுள் வாங்கியது. எனினும், அவ்வாண்டே மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டமையால் அது அழியவில்லை. இன்றும் எந்தப் பல்கலைக்கழகமும் தன் சொந்த வழங்கியில் அதனை நிறுவலாம். அது பெரிதும் எழுத்துக்கே உரியது. பராமரிப்பதற்குத் தேர்ச்சி பெற்றோரும் வேண்டும். இக்குறைகள் மெய்யே. ஆயினும், அவை பல்கலைக்கழகம் தன் முயற்சியால் நீக்கத்தக்கவை. ஜாம்போட்டின் முடிவோ எந்த ஆசிரியரின் கையிலும் இருக்கவில்லை.

எனவே, கருவிகளைப் பரீட்சிப்போர், முதல் வகுப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதோடு, கருவி மறையும் நாளில் மாணவரின் கூட்டுழைப்பு யாரிடம் எஞ்சும் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.