திருமதியும் தொலைந்த பெயரும்

மண அழைப்பிதழும் பங்கு விழா மலரும் நம் மக்களின் அன்றாட இலக்கியம் எனலாம். பாப்பாரப்பட்டியில் நம் கைக்கு வரும் இத்தகைய ஏடுகளைத் திறனாய்வுக் கண்ணோடு படித்தால், ‘திருமதி’ என்னும் சொல் படும் பாடு விளங்கும். ‘திரு, திருமதி’ என்று எழுதிக் கணவரின் பெயரை மட்டும் இட்டு முடிக்கிறோம். மதிப்புச் சொல் நிற்கிறது. மதிப்புக்குரியவரின் பெயர் மறைந்துவிடுகிறது.

சொல்லின் பிறப்பை நோக்குவோம். ‘ஸ்ரீமதி’ என்னும் வடசொல்லைத் தழுவியது திருமதி. இங்கே ‘மதி’ நிலவுமன்று, அறிவுமன்று. ‘உடையவள்’ எனப் பொருள்தரும் ஈறு. எனவே திருமதி என்பவள் திருவை உடையவள். அச்சொல்லுக்குள் கணவர் இல்லை. அவரை உள்ளே வைத்தது நம் வழக்கமே. 1967-இல் அமைந்த அண்ணாவின் ஆட்சி ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி ஆகியவற்றை நீக்கித் திரு, திருமதி, செல்வி என்பவற்றை அரசு வழக்காக்கியது. சொற்கள் தமிழாயின. ஆயினும், ஆணுக்கு ஒரே சொல், பெண்ணுக்கு மணத்தைப் பொறுத்து இரு சொற்கள் என்னும் ஏற்பாடு அப்படியே நீடித்தது.

கணவர் பெயரால் மனைவியைச் சுட்டுவது நம் மரபுதானா? பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பக் கனவு கண்டு, 23-7-1925 அன்று இவ்வூரிலேயே மறைந்தவர் சுப்பிரமணிய சிவா. அவருடைய துணைவியாரை வரலாற்று நூல்கள் ‘மீனாட்சியம்மாள்’ என்றே குறிக்கின்றன. அம்மாள், அம்மையார் என்பன பெண்ணின் சொந்தப் பெயரைத் தொடர்ந்து வருவன. மணமானவரா என்று அவை வினவுவதில்லை. கணவர் பெயருக்கு முன் திருமதி சேர்ப்பதோ ஆங்கிலேயரின் ‘மிஸஸ்’ வழக்கின் நிழல்.

லூக்கா நற்செய்தியின் எட்டாம் அதிகாரமும் நமக்கு வழிகாட்டுகிறது. இயேசுவுக்குப் பணிவிடை செய்த பெண்களுள் ஒருவர் கூசாவின் மனைவி. கணவரைச் சுட்டிய நற்செய்தியாளர், யோவன்னா என்னும் அவரது பெயரை விட்டுவிடவில்லை.

கணவரை இழந்தவரைத் திருமதி என்றெழுதத் தயங்கும் கைகளும் உண்டு. கணவரோடு அவருடைய திருவும் போயிற்று என்பதன்றோ அத்தயக்கத்தின் பொருள்? இதைவிடக் கொடிய பிழை வேறில்லை.

ஜெர்மனி 1972-இலும் பிரான்சு 2012-இலும் மணமாகாப் பெண்ணுக்கான தனி அடைமொழியை அரசு வழக்கிலிருந்து விலக்கின. நாம் அவ்வளவு தொலைவு செல்லவேண்டுவதில்லை. திருமுழுக்கில் அவருக்கு இட்ட பெயரை அழைப்பிதழிலும் கல்லறைக் கல்லிலும் முழுமையாகப் பொறிப்போம். பெயரோடு சேர்ந்தால்தான் திருமதி என்பது மரியாதை.