ஒடிசியூசும் சாதுவனும்: கரையேறியவனின் கதை

மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைச் சபையொன்றில் அண்மையில் நாம் கேட்ட அருளுரையில் யுலிசிஸ் இடம்பெற்றான். ஹோமரின் யுலிசிஸ் அல்லன், டென்னிசனின் யுலிசிஸ். முதுமையிலும் ஓய்வை வெறுத்து மீண்டும் கடலேறத் துணியும் அவ்வீரனை விசுவாச வாழ்வுக்கு முன்மாதிரியாக நிறுத்தினார் அருளுரையாளர். கேட்டிருந்தோரில் பெரும்பாலோர் மீனவர். கடலுக்குப் போவதை வீரமாக அன்றி அன்றாடப் பிழைப்பாக அறிந்தவர்கள். போனவர் திரும்பி வருவதே அவர்களுடைய வேண்டுதல். அந்த எடுத்துக்காட்டு அவர்களைத் தொடாமலே கடந்து சென்றது. குறை கேட்டோரிடத்தில் இல்லை, எடுத்துக்காட்டிலேயே உள்ளது என்பது நமது துணிபு.

ஹோமரின் ஒடிசியூஸ் பன்னிரண்டு கப்பல்களோடு திராய் நகருக்குச் சென்றவன். தன் நாடு திரும்பியபோது தனியனாக நின்றான். உடன் சென்றோர் அனைவரும் மாண்டனர். இடையில் அவன் ஏறிய கரைகள் பல. ஒவ்வொரு கரையிலும் எழும் கேள்வி ஒன்றே: கடலிலிருந்து வரும் அந்நியனைக் கரையிலிருப்போர் எவ்வாறு ஏற்பர்? ஒற்றைக் கண்ணன் பொலிபீமஸ் விருந்தினரையே உண்கிறான். ஃபயாகியரோ உடையும் உணவும் கப்பலும் தந்து வழியனுப்புகின்றனர். ஆனால் பொலிபீமசின் குகைக்குள் அழைப்பின்றி நுழைந்து அவனுடைய பாலாடைக்கட்டியை உண்டவன் ஒடிசியூஸே என்பதையும் ஹோமர் மறைக்கவில்லை. பிற்காலத்தார் இந்தக் கேள்வியைக் கைவிட்டு, வீரனை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

திருச்சபைத் தந்தையரும் இதற்கு விலக்கல்லர். பாய்மரத்தில் கட்டுண்டு சைரன்களின் பாடலைக் கடந்த ஒடிசியூசில், சிலுவை மரத்தைப் பற்றி நிற்கும் கிறிஸ்தவனை அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து கண்டார். அழகிய விளக்கம்தான். எனினும் காதுகளை மெழுகால் அடைத்துக்கொண்டு துடுப்பு வலித்தவர்கள் யார்? பாடலைக் கேட்கும் பேறும் அவர்களுக்கில்லை, வீடு சேரும் பேறும் இல்லை. அவர்களைக் குறித்து நாம் எந்த அருளுரையும் கேட்டதில்லை.

ஒடிசியூசை மிகக் கடுமையாக வாசித்தவர் தாந்தே. ஹோமரின் நூலை அவர் நேரே வாசித்தவர் அல்லர். இலத்தீன் வழியாகவே அறிந்தவர். அவர் படைத்த உலிசே வீடு திரும்புவதே இல்லை. மகனும் தந்தையும் மனைவியும் அவனைத் தடுத்து நிறுத்தவில்லை. முதிர்ந்த தோழர்களிடம் சிறு உரையொன்று ஆற்றி, உலகின் எல்லைக்கு அப்பால் அவர்களை இட்டுச் செல்கிறான். ஐந்து மாதப் பயணத்துக்குப் பின் தொலைவில் ஒரு மலை தோன்றுகிறது. அங்கிருந்து எழுந்த சுழற்காற்று கப்பலை விழுங்குகிறது. நரகத்தில் வஞ்சக ஆலோசகர் நடுவே தீ நாவாக எரிந்துகொண்டு அவன் பேசுகிறான். நாவினால் பிறரை இழுத்துச் சென்றவனுக்கு நாவின் வடிவிலேயே தண்டனை! அருளுரை மேடையில் நிற்போர் ஆண்டுக்கொரு முறையேனும் வாசிக்கவேண்டிய பகுதி இது.

டென்னிசன் தாந்தேயின் இக்கதையையே எடுத்து, தீர்ப்பை நீக்கிவிட்டார். 1833-இல் உயிர் நண்பர் ஆர்தர் ஹாலம் இறந்த துயரில் அவர் எழுதிய கவிதை 1842-இல் வெளிவந்தது. துயரத்தினின்று எழ முயலும் ஒருவரின் குரலாக அதைக் கேட்டால் அதன் மேன்மை விளங்கும். அதைப் பறித்து நற்செய்திப் பணிக்கு முழக்கமாக்கும்போதுதான் இடர்ப்பாடு. அக்கவிதையின் வீரன் தன் குடிமக்களைப் பண்படாதோர் என்று இகழ்கிறான்; அவர்களைப் பேணும் பொறுப்பை மகனிடம் தள்ளிவிட்டுப் புறப்படுகிறான். ஆயர் ஒருவர் இவனைப் பின்பற்றினால் சபையின் நிலை என்னவாகும்?

இருபதாம் நூற்றாண்டினர் பலவாறு முயன்றனர். ஜாய்ஸ் 1922-இல் வெளியிட்ட நாவலில் அலைவு முழுவதும் டப்ளின் நகரில் ஒரே நாளுக்குள் அடங்கியது. கசான்சாகிஸ் 1938-இல் 33,333 அடிகளில் அவனை மீண்டும் புறப்படச் செய்து தென்துருவப் பனியில் மாளவைத்தார். அவ்வளவு அடிகள் வேண்டியிருந்தனவா என்பது ஐயமே. நமக்கு நெருக்கமானவர் டெரிக் வால்காட். 1990-இல் வந்த அவருடைய ‘ஓமெரோஸ்’ காவியத்தில் ஹோமரின் பெயர்களைத் தாங்கி நிற்போர் செயிண்ட் லூசியாத் தீவின் ஏழை மீனவர்கள்.

ஆயினும் இவர்கள் எல்லாருக்கும் முற்பட்ட மறுபடைப்பு ஒன்று நம் திருமறையிலேயே உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில் பவுலின் கப்பற்சேதத்தை எழுதும் லூக்கா, 41-ஆம் வசனத்தில் கப்பலுக்கு ‘நௌஸ்’ என்ற சொல்லை ஆள்கிறார். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வராத இச்சொல் ஹோமரிடத்தில் மிகுதியாக வழங்குவது. இதில் ஹோமரின் எதிரொலியைக் கேட்ட அறிஞர் உண்டு; நாமும் கேட்கிறோம். கப்பலில் இருந்தோர் 276 பேர் என்று லூக்கா எண்ணிச் சொல்கிறார். நீந்தியும், பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பற்றிக்கொண்டும் அனைவரும் கரை சேர்கின்றனர். தலைவன் மட்டும் பிழைத்த பழங்கதை இங்கே தலைகீழாகிறது. அதற்குமேல், மெலித்தாத் தீவின் அந்நியர் மழைக்கும் குளிருக்கும் தீ மூட்டி அவர்களை ஏற்கின்றனர்.

இங்கேதான் தமிழ் வாசகர் மணிமேகலையை நினைக்கவேண்டும். யவனச் சாடிகளின் ஓடுகள் பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் கிடைத்துள்ளன. இந்தியர் ஹோமரைத் தம் மொழியில் பாடுகின்றனர் என்று தியோன் கிறிசொஸ்தோம் என்ற கிரேக்க நாவலரும் கூறியுள்ளார். எனினும் சாத்தனார் ஹோமரை அறிந்தார் என நாம் வாதிடவில்லை. ஒரே கேள்வியை இருவரும் கேட்டனர் என்பதே போதும்.

ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகையிடமும் சூதிலும் பொருளிழந்து கடலேறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரமொன்றைப் பற்றி நாகர் தீவில் ஒதுங்கி, களைப்பால் உறங்குகிறான். மனித ஊன் உண்ணும் நாகர் அவனைச் சூழ்கின்றனர். அவன் அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறான். அதனால் உயிர் தப்புகிறான். தலைவன் பெண்ணும் கள்ளும் ஊனும் அளித்து உபசரிக்க, சாதுவன் மறுக்கிறான். இவை இல்லாவிடில் வாழ்வில் பயன் என்ன என்று தலைவன் கேட்கிறான். உடலை விட்டு உயிர் போவது எங்ஙனம் என்றும் கேட்கிறான். உரையாடல் பிறக்கிறது. முடிவில் சாதுவன் வேண்டுவது யாது? இனிக் கப்பல் உடைந்து இக்கரையில் ஒதுங்குவோரைக் கொல்லாது காக்கவேண்டும் என்பதே. பொலிபீமசின் கண்ணைக் குத்திவிட்டுத் தப்பும் ஒடிசியூஸ், பின்வருவோரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

சாதுவனை நாம் புனிதனாக்கவில்லை. ஆதிரை தீப்பாய முயன்றதைக் கற்பின் சான்றாகக் காட்டும் இடத்தில் காவியத்தோடு உடன்பட நம்மால் இயலாது. பெனலோப்பியின் இருபதாண்டுக் காத்திருப்பைப் போலவே இதுவும் பெண்ணின்மேல் சுமத்தப்பட்ட விலை. நாகரைக் கரடிக்கு ஒப்பிடும் உவமையிலும் நகரத்தாரின் ஏளனம் ஒலிக்கிறது. ஆயினும், பௌத்த நூல் என்று நாம் ஒதுக்கி வைத்த ஏட்டில் லூக்காவின் மெலித்தாவுக்கு இத்துணை அண்மையான ஒரு கரை இருக்க, அருளுரைக்கு இங்கிலாந்துவரை சென்றோமே என்று வருந்தாமல் இருக்க முடியவில்லை.

செங்கற்பட்டை உள்ளடக்கிய தொண்டை நாட்டுக்குத் தன் தோற்றம் பற்றியே இத்தகைய கதை உண்டு. நாகக்கன்னி ஈன்ற குழந்தை தொண்டைக் கொடி சுற்றிக் கடலில் விடப்பட்டது. திரை கொணர்ந்தமையால் திரையன் ஆனான் என்பர். கரையொதுங்கியவனை இந்நாடு அரசனாக ஏற்றது. அம்மரபில் வந்த இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்னும் துறையைக் காட்டுகிறது. அது மாமல்லபுரமே என்பர் சிலர். வசவசமுத்திரம் என்பர் வேறு சிலர். ஏணி சாத்திய, கூரை வேயாத உயர்ந்த மாடம். அதன்மேல் இரவில் எரியும் தீ. கடலிலோடும் கலங்களை அத்தீ அழைக்கிறது. கலத்தில் வருபவன் யார் என்று புலவர் சொல்லவில்லை. தீயை ஏற்றியவரின் பக்கம் நின்றே அவர் பாடுகிறார்.

அன்று அருளுரைக்குப்பின் மன்றாட்டு வேளை வந்தது. இன்னும் கரை சேராத படகொன்றில் இருந்தோரின் பெயர்களை உபதேசியார் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுவதும் ஆமென் என்றது.