கிளிச்சீட்டும் டாரட்டும்: இரண்டு வாசிப்புகள்

கிளிச்சீட்டை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களே டாரட்டை ‘உளவியல்’ என்று மேசையில் பரப்புகிறார்கள். இரண்டையும் பிரதிகளாக வாசித்தாக வேண்டும்.

தினம் ஒரு சீட்டாகக் கட்டுகளை மாற்றி வாசித்தால் ஒன்று புலப்படும். மார்செய் டாரட்டின் 78 சீட்டுகளில், 40 எண் சீட்டுகளில் வாளும் கோப்பையும் வெறும் எண்ணிக்கைதான். அர்த்தத்தை வாசகர்தான் உண்டாக்கணும். 1909இல் வந்த ரைடர் கட்டில் பமேலா கோல்மன் ஸ்மித் அந்த நாற்பதுக்கும் காட்சி வரைந்தார். வாசிப்பு சுலபமாச்சு, கூடவே அடைபட்டும் போச்சு. கட்டின் பேரோ பதிப்பாளர் ரைடருக்கும் எழுதிய வெயிட்டுக்கும் போனது.

கிளிச்சீட்டில் முருகன், லட்சுமி, சிலதில் மாதாவும் குழந்தையும். பசுவந்தனைப் பக்கத்துக் கண்ணுக்கு இந்த முகங்கள் அந்நியமில்லை. கோவில்பட்டியில் கொண்டையராஜு வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர் சாமிகளின் சாயல். படம் சாமியோடு நின்றுவிடும். மழை, கடன், மகள் கல்யாணம் எல்லாம் கேட்பவர் முகம் பார்த்து சோசியர் கட்டும் கதையாடல்.

2024 ஏப்ரலில் கடலூர் வேட்பாளர் தங்கர் பச்சானுக்குக் கிளி சீட்டெடுத்தது. வனத்துறை சோசியரைப் பிடித்தது. 1972ஆம் வருசத்துக் காட்டுயிர்ச் சட்டப்படி கிளியை அடைத்து வைப்பது குற்றம். சிறகு நறுக்கிய பறவையின் பக்கம் நிற்பதே நியாயம். சரி, கிளி பறந்துவிட்டது. சீட்டுக்கட்டோடு மிஞ்சிய அந்த மனுசரை டாரட் மேசையில் சமமாக உட்கார வைப்போமா? மாட்டோமென்றால், நம் பகுத்தறிவு தெருவோரத்தில் துண்டு விரித்தவனிடம் மட்டும்தான் செல்லுபடியாகிறது.