இறக்கிய காரும் ஹேவாஹெட்ட வளைவும்

கண்டியிலிருந்து அம்பிட்டிய, தலாத்துஓயா, மாரசன வழியாக ஹேவாஹெட்டவுக்கு ஏறும்போது ஒரு காரின் அடிப்பாகம் எப்படியிருக்கிறது என்பது ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். வளைவின் உள்விளிம்பில் மழை அடித்துவந்த மணல் கிடக்கும், மதகுக்கு மதகு தார் தூக்கி நிற்கும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இந்த மலைப்பக்கத்தில்தான் இருக்கிறது. தோட்டக்காலத்துப் பாதைகள் மலையின் மடிப்பை ஒட்டியே போகின்றன. வேகமாகப் போக நினைத்து அவற்றை யாரும் வெட்டவில்லை.

இத்தகைய பாதைகளில் பழைய கார்கள் இன்னும் ஓடுவதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இருக்கிற கொரோலா டி.எக்ஸ். வெகனையும் பொக்ஸ் லான்சரையும் மினியையும் வைத்துத்தான் காலத்தை ஓட்ட வேண்டியிருந்தது. ஓட்டுவதென்றானதும் மாற்றியமைக்கும் ஆசையும் வந்துவிடுகிறது. பலர் முதலில் கைவைப்பது ஸ்பிரிங்கில். ஒரு சுற்றை வெட்டி இறக்கினால் கார் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்பது கராஜ் வட்டார நம்பிக்கை.

அதில் உண்மை இல்லாமலில்லை. ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் வெளிச்சக்கரங்களுக்கு மாறும் பாரம் குறையும். எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. எண்ணூறு கிலோ கார், சக்கர இடைவெளி 1.3 மீற்றர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பாதியளவு பக்கவிசையோடு வளைத்தால் ஏறக்குறைய 154 கிலோ வெளிப்பக்கம் போகும். காரை 3 சென்ரிமீற்றர் இறக்கிய பின் அது 145 கிலோவாகும். ஆதாயம் 9 கிலோதான். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமானாலும் இந்த மொத்தப் பாரமாற்றம் மாறாது. முன்னுக்கும் பின்னுக்கும் அது எப்படிப் பிரியும் என்பதே மாறும். உடல் சாயாத கார் பிடிமானமான கார் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பிழையாகிறது. சாய்வு கண்ணுக்குத் தெரிகிறது, டயரின் பிடி தெரிவதில்லை.

நட்டம் வேறு பக்கமாக வருகிறது. ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் சக்கரம் மேலே எழும்ப இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய பங்கு போய்விடலாம். வளைவின் நடுவில் மதகு மேடு வந்தால் சஸ்பென்ஷன் ரப்பர் தடுப்பில் மோதும். அந்தக் கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி. டயர் தாவும், பிடி விடும். முன்னால் ஸ்ட்ரட் உள்ள கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாயும் அளவுக்கு இறக்கினால், ரோல் சென்டர், அதாவது உடல் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நெம்புகோல் நீளும். இறக்கிய கார் முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். சாய்கிறதே என்று இன்னும் இறுக்கமான ஸ்பிரிங் தேடி அலைவார்கள். கே.இ. 70 வகைக் கொரோலாக்களில் ஸ்ட்ரட்டுக்கும் ஸ்டியரிங் கைக்கும் நடுவே லேத்தில் கடைந்த ஒரு துண்டை வைத்து, ஆணியின் நீளத்தையும் தரத்தையும் சரிபார்த்து முடுக்கினால் பாதி நோய் தீரும். மலிவான, புத்திசாலித்தனமான வேலை. வெளியே தெரியாது என்பதாலோ என்னவோ, ஆசைப்படுபவர்கள் குறைவு.

நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியில் ஓடும் கார்கள் தாழ்ந்து இறுகித்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே கார் தனியாக ஏறுகிறது, பாதை மூடப்பட்டிருக்கிறது, எதிரே பஸ் வராது, இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வளைக்கவும் வேண்டியதில்லை. நேரம் ஒன்றுதான் கணக்கு. தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில் போட்டியின் மண் பாதையில் ஓடுபவருக்கு வேறு அமைப்பு வேண்டும். அங்கே சக்கரம் மேலும் கீழும் தாராளமாக ஓடவேண்டும். ஹேவாஹெட்டப் பாதை இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது, என் கணிப்பில் ஃபொக்ஸ் ஹில்லுக்கே கொஞ்சம் நெருக்கமாக.

அப்படியானால் பணத்தை எதில் போடுவது? டயரில். பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. பூ நிறைய இருந்தும் வயதேறி இறுகிய டயர் ஈரத்தில் வழுக்கும். அடுத்தது ஷொக். எண்ணெய் கசிந்த ஷொக்கின் மேல் இறுக்கமான ஸ்பிரிங் போடுவது பந்தைத் தரையில் அடிப்பதற்குச் சமம். பிறகு புஷ், போல் ஜொயின்ட், அலைன்மென்ட். முன்சக்கரங்களின் மேல்விளிம்பை ஒரு பாகையளவு உட்பக்கம் சாய்த்தால் ஸ்ட்ரட் கார் வளைவில் தெளிவாகத் திரும்பும். அளவாக இறக்குவதன் உண்மையான நன்மையும் இதுதான், இந்தச் சாய்வு சும்மா கிடைத்துவிடுகிறது. ஒன்றிரண்டு சென்ரிமீற்றரோடு நிறுத்துபவரை நான் குறை சொல்லமாட்டேன்.

மினி தனிச்சாதி. அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகளே அதற்கு ஸ்பிரிங். வருடக்கணக்கில் நசுங்கிய கூம்பு காரைத் தானாகவே இறக்கிவிடும். அதை மாற்றியமைத்த அழகு என்று சிலர் பெருமைப்படுகிறார்கள்! பின்பக்க நெம்பு ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று, ஆகவே கூம்பு 3 மில்லிமீற்றர் நசுங்கினாலே கார் 15 மில்லிமீற்றர் தாழும். புதுக் கூம்பு போட்டால் கார் கொஞ்சம் உயரும், வளைவிலும் நன்றாகப் பிடிக்கும்.

பின்பக்க அன்டி ரோல் பார் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. முன்சக்கர உந்துதலுள்ள காரில் மூக்கு வெளியே ஓடுவதை அது குறைக்கும். பின்சக்கர உந்துதலுள்ள, இலை ஸ்பிரிங் வைத்த டி.எக்ஸ். வெகனில், ஈரமான இறக்கத்தில், பயந்து திடீரென்று காலை எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடலாம். பாதை அகலம் அதைத் திருத்திக்கொள்ள இடம் தராது.

இத்தனைக்கும் கிடைக்கும் வேகம் எவ்வளவு? 15 மீற்றர் ஆரையுள்ள கொண்டைஊசி வளைவில், பாதி புவியீர்ப்பு அளவு பிடி இருந்தால் மணிக்கு 31 கிலோமீற்றர் போகலாம். அந்தப் பிடியை 20 சதவீதம் கூட்டினாலும் 34தான். மூன்று கிலோமீற்றர் வேகத்துக்காக யாரும் செலவழிக்கத் தேவையில்லை. மழைநாளில் எதிரே பஸ் வரும்போது ஓரம் ஒதுங்கி நிற்க அந்தப் பிடி தேவைப்படும்.

2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் அனுமதியற்ற அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது பெரிய சர்ச்சை எழுந்தது. விளக்கும் ஹோர்னும் கண்ணில் படும், வெட்டிய ஸ்பிரிங் படுவதில்லை. தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது நடக்கும் பரிசோதனை புகைப் பரிசோதனை மட்டும்தான். சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பவர் இல்லை. ஆகவே உரிமையாளர்தான் பார்க்கவேண்டும். ஜாக் போட்டு, தாங்கி வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் போல் ஜொயின்ட்டோ பெயரிங்கோ தேய்ந்தது தெரியும். இடம் வலமாக ஆட்டினால் டை ரொட் தேய்ந்தது தெரியும். அந்த ஆட்டம் நிற்கும்வரை ஸ்பிரிங் பக்கம் போக வேண்டியதில்லை.