இடத்தே பாடுகிறவர்கள்

2002இல் பி.பி.சி. உலக சேவை நேயர்களிடம் வாக்கு வாங்கி, உலகின் தலைசிறந்த பத்துப் பாட்டுகளை அறிவித்தது. அதில் தமிழுக்கு இரண்டு இடம். ஒன்று ‘தளபதி’யில் இளையராஜா இசையமைத்த ‘ராக்கம்மா கையத் தட்டு’, மற்றது ஈழத்துப் பாடகர் திருமலைச் சந்திரனுடையது. பெருமைதான். ஆனால் இத்தகைய பட்டியல்கள் கேட்கப்பட்ட பாட்டைத்தான் எண்ணுகின்றன. பதில் பாடப்பட்ட பாட்டை எண்ண அவற்றிடம் கருவி இல்லை.

நாஞ்சில் நாட்டில் கோயில் கொடைக்கு வில்லடிக்க உட்கார்ந்தால் ஒருவரே பாடி முடிப்பதில்லை. அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை எடுப்பார். அது வலத்தே பாடுவது. குடக்காரரும் மற்றவர்களும் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அது இடத்தே பாடுவது. நடுநடுவே ஓர் ‘ஆமா’. அந்த ‘ஆமா’ விழாத பாட்டு இங்கே பாட்டே அல்ல.

பூதப்பாண்டியைக் கடந்து ஒழுகினசேரி, சுசீந்திரம் என்று இறங்கி மணக்குடியில் கடலைச் சேரும் பழையாற்றை ஒட்டியே மூன்று பாட்டுக்காரர்களைச் சொல்லிவிடலாம். சுசீந்திரத்தை அடுத்த தேரூரில் 1876இல் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவருடைய ‘ஆசிய ஜோதி’யையும் உமர் கய்யாமையும் புலவர்கள் போற்றட்டும். என் கணக்கில் அவருடைய பெரிய பாட்டு, பசுவையும் கன்றையும் பற்றிய அந்தச் சின்னக் குழந்தைப் பாட்டுதான். டீச்சர் ஓரடி சொல்ல, வகுப்பே மறு அடியைக் கத்தும். எழுதியவர் பெயர் தெரியாமலேயே தலைமுறைகள் அதைப் பாடிவிட்டன.

ஒழுகினசேரியில் 1908இல் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1949இல் வந்த ‘நல்லதம்பி’யில் அவர் நடத்திய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை உடுமலை நாராயணகவி எழுதினார். சிதம்பரம் போகத் துடித்த நந்தனாரின் கதையை, படிக்கத் துடிக்கும் சிறுவனின் கதையாக மாற்றிய குறும்பு அது. பின்னாளில் சுப்பு ஆறுமுகத்தைத் துணை சேர்த்துக்கொண்டு வில்லுப்பாட்டையே சென்னை மேடைக்குக் கொண்டுபோனவரும் கலைவாணர்தான்.

அவருக்கு ஒரு வயது மூத்தவர் பூதப்பாண்டியின் ப.ஜீவானந்தம், 1907 ஆகஸ்ட் 21இல் பிறந்தவர். பேச்சாளர் ஜீவா, கம்பனையும் பாரதியையும் மேடையில் முழங்கிய ஜீவா எல்லோருக்கும் தெரிந்தவர். பாட்டெழுதிய ஜீவாவை இலக்கிய வரலாறுகள் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. ‘பெண்ணுரிமைக் கீதங்கள்’ 1932இலேயே வந்தது. வெறுங்காலும் அரைவயிறுமாக உழைக்கிறவனின் முறையீடாக அவர் கட்டிய பாட்டோ தொழிலாளர் ஊர்வலங்களில் வாய்வழியாகவே பரவியது. அதில் உவமை தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் ‘தோழனே’ என்ற விளி வந்து விழும் இடத்தைக் கவனியுங்கள். முன்னே போகிறவர் மூச்சு வாங்கும் இடமும், பின்னே வருகிற கூட்டம் எடுத்துக்கொள்ளும் இடமும் அதுவே. கொடையில் கேட்ட காது செய்த வேலை என்றே நினைக்கிறேன்.

ஜீவாவின் ‘ஜனசக்தி’யில் எழுதிய பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அந்த விளியைச் சினிமாவுக்குக் கொண்டுபோனார். இசைத்தட்டும் வானொலியும் அதை ஊரெங்கும் சேர்த்தன. 1959இல், 29 வயதில், அவர் போய்விட்டார். ஜீவா 1963இல்.

‘ராக்கம்மா’வுக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். துள்ளாட்டத்துக்கு நடுவே பெண்கள் குழுவாக அப்பர் தேவாரம் பாடும் இடம் அதில் உண்டு. அண்ணாவியை நிறுத்திவைத்து இடத்தே பாடுகிறவர்கள் எழுந்த மாதிரி.

கொடை நாட்களில் மைக்செட்காரர் பகலெல்லாம் சினிமாப் பாட்டுதான் போடுவார். வில்லைக் கொண்டுவந்து குடத்தின் மேல் கட்டியதும் அதை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியை அண்ணாவி முன்னால் ஒன்றும் குடக்காரர் பக்கம் ஒன்றுமாக வைப்பார்.