மின்னூற் களஞ்சியத்தில் உரையாசிரியர் இடம்

நூலகத்து மின்னூற்றொகுதிகளை ஆளுதற்குரிய மென்பொருளைத் தேர்வோர் முதற்கண் விலையை வினவுவர். மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகமும் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனமும் 2002-இல் வெளியிட்ட டிஸ்பேசு விலையின்றிக் கிடைப்பது. நியூசிலாந்து வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்டோனும் அத்தகையதே. ஆதலின் விலைகொண்டு இவற்றுள் ஒன்றைத் துணிதல் இயலாது.

தமிழ்நூல் ஒன்றை இட்டுப் பார்த்தலே தக்க அளவுகோல் என்பது எம் கருத்து. உ. வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியைக் கொள்வோம். நூல் திருத்தக்கதேவருடையது; உரை நச்சினார்க்கினியருடையது. டிஸ்பேசின் நூற்குறிப்பு முறை டப்ளின் கோரைத் தழுவியது. அதன்கண் ஆசிரியர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் இடமுண்டு. உரையாசிரியர்க்கென முன்னமைந்த தனியிடம் இல்லை. நச்சினார்க்கினியரின்றிச் சிந்தாமணியைப் பயின்றார் நம்மிடை எத்துணையர்? அவரைப் 'பிறர்' என்னும் கட்டத்துள் அடைத்துவிடின், அவருரைகளை ஒருங்கு நாடும் மாணவர் இடர்ப்படுவர். புதுக்கட்டம் சேர்க்க அம்மென்பொருள் இடந்தருகிறது. சேர்க்காது விடும் பிழை நூலகத்தாரையே சாரும்.

அகரவரிசை இன்னும் நுண்ணியது. யூனிக்கோடு எண்வரிசையில் னகரம் தந்நகரத்தை அடுத்துப் பகரத்திற்கு முன் நிற்கிறது. றகரம் லகரத்திற்கு முன். நெடுங்கணக்கிலோ இவ்விரண்டும் இறுதியில் உள்ளன. எண்வரிசையையே பின்பற்றும் அட்டவணையில் 'அப்பர்' என்பதற்கு முன்னரே 'அன்பு' வந்துவிடும். தமிழ் வரிசைமுறையை மென்பொருள் ஏற்குமா என்பதை, ஆயிரக்கணக்கான பதிவுகளை இட்டபின் ஆராய்தல் வீண்தொல்லை. நூறு தலைப்புக்களை இட்டு அடுக்கிப் பார்க்க ஒரு பகற்பொழுது போதும்.