மேட்டூர் உபரிநீரும் ஓமலூர் வட்டார ஏரிகளும்: நோக்கங்களின் முரண் குறித்த திறனாய்வு

மேட்டூர் அணையின் உபரிநீரைக் கொண்டு சேலம் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்திற்கு 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2021 பிப்ரவரியில் அதன் முதற்கட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி வட்டங்களின் 100 ஏரிகளுக்கு 0.555 டி.எம்.சி. நீர், 4,238 ஏக்கர் பாசனம், 565 கோடி ரூபாய் மதிப்பீடு என்பன அதன் அறிவிக்கப்பட்ட அளவுகள். நிலத்தடி நீர் உயர்வும் அதன் பயனாகக் கூறப்பட்டது. இந்நோக்கங்கள் தம்முள் இயைகின்றனவா என்பது ஆராயத்தக்கது.

0.555 டி.எம்.சி. நீரை 4,238 ஏக்கரில் பரப்பினால் ஏறத்தாழ 3 அடி உயரமே நிற்கும். ஒரு போக நெல்லுக்குப் பொதுவாக 4 அடி நீர் கணக்கிடப்படும் நிலையில், கசிவோ ஆவியாதலோ இல்லை எனக் கொண்டாலும் இது போதாது. எனவே மதகு வழியே வெளியேறும் நீரும் ஏரியில் நின்று ஊறிக் கிணறுகளுக்குச் சேரும் நீரும் ஒன்றுக்கொன்று போட்டியாகின்றன. ஆயக்கட்டு உழவர் மதகைத் திறக்க விரும்புவார். கிணற்றுப் பாசன உழவர் அது மூடியிருப்பதையே விரும்புவார். இவ்விரண்டனுள் எது முந்தையது என்பதை அறிவிக்கப்பட்ட அளவுகள் உணர்த்தவில்லை.

செலவை ஆயக்கட்டால் வகுத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 13.3 லட்சம் ரூபாய் ஆகிறது. பாசனம் ஒன்றைக் கொண்டு மட்டும் இத்தொகையை நியாயப்படுத்துதல் அரிது. திட்டத்தின் உண்மையான நியாயம் கிணறுகளில் ஊறும் நீரிலேயே உள்ளது. ஆனால் முன்னிறுத்தப்பட்டதோ ஆயக்கட்டுப் பரப்பு.

காலம் மற்றொரு சிக்கல். அணை 120 அடியை எட்டி நிரம்பும்போது கிடைக்கும் நீரே இதன் ஆதாரம். 2013-க்குப் பின் 2018-இல்தான் அணை அவ்வளவை எட்டியது. இடையில், 2017 ஜனவரியில், தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. தேவை மிகும் ஆண்டுகளில் உபரி இராது. உபரி அல்லாத நீரை எடுத்தால் டெல்டா உழவர்களின் உரிமை பாதிக்கப்படும். அவர்கள் எழுப்பிய எதிர்ப்பை வட்டாரப் பகையாகச் சுருக்குதல் பொருந்தாது.

வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் வழியே கடல் சேரும் நீரில் ஒரு சிறு பகுதியை மேட்டுநிலத்திற்குத் தருவது நியாயமே. எனினும் சேர்வராயன் மலையில் தோன்றி ஓமலூர் வழியே காவிரியில் கலக்கும் சரபங்கா ஆற்றின் வடிநிலமே இவ்வட்டார ஏரிகள் பலவற்றின் இயற்கையான நீராதாரம். வரத்து வாய்க்கால் தூர்ந்த ஏரிக்குக் குழாய் நீர் துணையாகுமேயன்றி மாற்றாகாது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் பெரியவை பொதுப்பணி, நீர்வளத் துறைகளின் பொறுப்பிலும் இருந்துவரும் நிலையில், ஒரே வாய்க்கால் தொடரின் மேல் ஏரியையும் கீழ் ஏரியையும் சேர்த்துக் காணும் பார்வை எளிதில் வாய்ப்பதில்லை.

ஆகவே, நிரம்பிய ஏரிகளின் எண்ணிக்கையைவிடக் கோடையில் கிணறுகளின் நீர்மட்டமே திட்டத்தை மதிப்பிடும் முதன்மை அளவாதல் வேண்டும். மதகைத் திறக்கும் முறையும் வாய்க்கால் சீரமைப்பும் அவ்வளவைப் பின்பற்றியே வகுக்கப்படுதல் தகும்.